பின்சீட்டின் இடது பக்கம்

மூன்று பட்டறை பார்த்துவிட்டு நாலாவதாக வந்து நின்றது அந்தக் கிழட்டு வெள்ளைக் கார். ஸ்பார்க் தரும் காயில் மாற்றியாயிற்று, சாவி போடுகிற சுவிட்ச் மாற்றியாயிற்று, என்ஜின் பக்கத்து ஒயர் பாதி புதுசு. பட்டறையில் நாள் முழுக்க ஓடும். வண்டி முதலாளி ஏறினால் நடுரோட்டில் படுத்துக்கொள்ளும்.

"பேய் பிடிச்ச வண்டிம்மா," என்றார் பட்டறைக்காரர், தன்னிடம் வேலை பார்க்கும் பெண்ணிடம். "நீதான் எலக்ட்ரிகல் படிச்சவ. பாரு."

நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே அவள் பல்லைக் கடித்தாள். பதினாறு வருஷம் அவள் அப்பா ஓட்டிய வண்டி. ஏழு மாதத்துக்கு முன், கார் ஸ்டாண்டில் எட்டு டிரைவர்கள் பார்க்க, முதலாளி அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினார். "நான் ஏறினா நிக்குது, இறங்கினா ஓடுது! ஒயர்ல கைவெச்சுட்டு என்கிட்டயே வேலை காட்டுறான், திருட்டு நாய்!" அதற்குப் பிறகு யாரும் அப்பாவை நம்பி வண்டி தரவில்லை. அதே ஸ்டாண்டில் அடுத்தவன் காரைக் கழுவிக்கொண்டிருக்கிறார். "அவர் ஏறினா நின்னது நெசம்தான்மா. ஆனா நான் ஒண்ணும் பண்ணலை," என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் தேய்ந்துவிட்டது அவருக்கு.

மற்ற மெக்கானிக்குகள் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்கள். அவள் நேராக முதலாளி உட்காருகிற இடத்துக்குப் போனாள். பின்சீட்டு, இடது பக்கம். மெத்தையைத் தூக்கினாள்.

ஓரத்தில், கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு பட்டன். அதிலிருந்து ஒரு சிவப்பு ஒயர், கால்மிதிக்கு அடியில் ஒளிந்து ஒளிந்து காயில் வரை போயிருந்தது. அழுத்தினால் ஸ்பார்க் செத்து வண்டி நின்றுவிடும். டிரைவரை நம்பாத மனுஷன், உட்கார்ந்த இடத்திலிருந்தே வண்டியை நிறுத்த, யாருக்கும் தெரியாமல் செய்துகொண்ட ஏற்பாடு. சீட்டு ஸ்பிரிங் உரசி உரசி ஒயரின் தோல் உரிந்திருந்தது. பட்டனைத் தொடவே வேண்டாம். அந்தப் பெருத்த உடம்பு உட்கார்ந்தாலே போதும், செம்புக் கம்பி தகரத்தைத் தொட்டு என்ஜின் நின்றுவிடும்.

ஒரு சாண் டேப் வேலை. அவள் ஒட்டவில்லை. மெத்தையை இருந்தபடியே வைத்துவிட்டு டேப்பைப் பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் முதலாளி வந்தார். அவளை அடையாளம் தெரியவில்லை. டிரைவர் வீட்டுப் பிள்ளையின் முகத்தை அவர் எந்தக் காலத்தில் பார்த்தார்?

"பொம்பளப் பிள்ளையா பார்த்தது? வெளங்கின மாதிரிதான்."

"ஓட்டியே காட்டுறேன், ஏறுங்க. இடது பக்கம் துடைச்ச ஈரம். வலது பக்கம் உட்காருங்க."

கார் சமர்த்தாக ஓடியது. ஸ்டாண்டுக்குள் திருப்பி, வரிசைக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை. வாளியோடு அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க எதுக்கு?" என்றார் முதலாளி.

"ஈரம் காய்ஞ்சிருக்கும். உங்க இடத்துக்கு நகருங்க."

நகர்ந்தார். என்ஜின் பொசுக்கென்று நின்றது.

"வலது பக்கம்." சாவியைத் திருப்பினாள், ஓடியது. "இடது பக்கம்." நின்றது.

டிரைவர்கள் சுற்றிக் கூடிவிட்டார்கள். மூன்றாவது தடவை ஒருவர், "ஐயா, சாவியை எங்க வெச்சு உட்கார்ந்திருக்கீங்க?" என்றார். ஸ்டாண்டே சிரித்தது.

அவள் முதலாளியை இறக்கிவிட்டு மெத்தையைத் தூக்கினாள். சிரிப்பு அடங்கியது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

"இந்தப் பட்டனை யாரு வெச்சது? எங்கப்பாவா?"

முதலாளி அப்பாவைப் பார்த்தார். பிறகு அவளை. அப்போதுதான் உறைத்தது.

"பாதுகாப்புக்குன்னு... எப்பவோ நான்தான் வெச்சேன். சரி, ஒயரைச் சுத்து. நேரமாகுது."

"சுத்துறேன். அன்னைக்கு இங்க சொன்னது பொய்னு இங்கயே சொல்லுங்க."

முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "அவன் ஒண்ணும் பண்ணலை," என்று முனகினார்.

அவள் டேப்பைக் கிழிக்கப் போனாள். அப்பாவின் ஈரக்கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. போதும் விடும்மா என்பார் என்று நினைத்தாள். எப்போதும் அதைத்தானே சொல்வார்.

"அன்னைக்கு நீங்க சொன்னது வரிசையில கடைசி வண்டி வரைக்கும் கேட்டுச்சுங்கய்யா," என்றார் அப்பா.

அவள் டேப்பைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள்.