பொன்னுமணி சாய்த்துப் பிடித்த மலை

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போடிமெட்டு மலை மேற்குப் பக்கமாக ஒரு சாண் சாய்ந்து, ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் திரும்ப நிமிர்ந்துகொண்டது. அந்த வாரம் ஏலக்காய் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மழை சுமார். மலை உச்சியில், மெட்டில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் கொஞ்ச நேரம் ஒருக்களித்து நடந்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோலக் குப்பையைக் கிளறப் போய்விட்டன. கொடியில் காய்ந்த கைலிகள், பிளாஸ்டிக் வாளிகள், இரண்டு தகரக் கூரைகள், யாருடைய காதுகுத்துக்கோ கட்டிய பிளக்ஸ் எல்லாம் எழும்பி, எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் விழுந்தன. அந்தப் பக்கத்து ஆட்கள் நல்ல மனுசர்கள். சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் செக்போஸ்ட்டில் கொண்டுவந்து அடுக்கிவிட்டார்கள். ஒரு வாளியைத்தான் காணோம், அதைப் பற்றி இன்றைக்கும் பேச்சு இருக்கிறது.

மலையைச் சாய்த்தது பொன்னுமணி. போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஏலக்காய் தரம் பிரிக்கும் குடோனில் வேலை பார்ப்பவள். சாய்க்க வேண்டும் என்று சாய்க்கவில்லை. புருசன் கொடுத்த வீடியோ கேமை மொட்டை மாடியில் உட்கார்ந்து விளையாடினாள், அவ்வளவுதான். புருசன் பாண்டியராஜன், குடோனை ஒட்டிச் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பழுதான போனைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வரும். பழைய வீடியோ கேம் பெட்டியைப் பார்த்தால் சோறு மறந்துபோகும். உள்ளங்கைக்கு அடங்கும் அந்தப் பெட்டிகளையும், அவற்றின் முதுகில் செருகும் கேசட்டுகளையும் எங்கெங்கிருந்தோ தருவித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருப்பான். உலகமெங்கும் இப்படிப்பட்ட பைத்தியங்கள் இருக்கிறார்கள். நின்றுபோன பழைய ஆட்டங்களைப் பிரித்து, படத்தை மாற்றி, பாதையை மாற்றி, புது ஆட்டமாக்கி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள். பெரும்பாலானவற்றைப் போனிலேயே ஆடிவிடலாம். பாண்டியராஜன் கையில் மாட்டிய கேசட் அந்த ரகம் இல்லை. அதன் வயிற்றுக்குள் சாய்மானத்தை உணரும் ஒரு சில்லு இருந்தது. பெட்டியை எந்தப் பக்கம் சாய்க்கிறோமோ அந்தப் பக்கம் திரைக்குள் பொம்மை உருளும். பட்டனுக்கு வேலை இல்லை. அந்தச் சில்லு இல்லாமல் போனில் ஓட்டினால் பொம்மை முதல் அடியிலேயே மண்ணாந்தை மாதிரி நிற்கும்.

அந்தச் சில்லை அவன் கும்பிடாத குறைதான். அரிசிமணி அளவு இருந்துகொண்டு மேல் எது கீழ் எது என்று தெரிந்துவைத்திருக்கிறதே என்று, போனைச் சரிபண்ண வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவான். அதைத் தொடாமல், பக்கத்திலிருந்த நினைவுச் சில்லை மட்டும் சூடு காட்டிப் பிரித்தெடுத்து, திரும்பத் திரும்ப எழுதக்கூடிய வேறொன்றைப் பற்றவைத்தான். பொம்மை இருந்த இடத்தில் ஒரு ஜீப்பை வரைந்தான். பாதை இருந்த இடத்தில் போடிமெட்டு ரோட்டை, கொண்டை ஊசி வளைவு ஒன்று விடாமல், பைக்கில் போய் நின்று பார்த்துப் பார்த்து வரைந்தான். அடிவாரத்து முந்தலில் கிளம்பும் ஜீப்பை விழாமல் மெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இதுதான் ஆட்டம். உண்மையைச் சொன்னால், அதைச் செய்தவனாலேயே ஆட முடியவில்லை. அவன் கை முரட்டுக் கை. நாலாவது வளைவுக்குள் ஜீப்பு பள்ளத்தில் கிடக்கும்.

பொன்னுமணி முதல் தடவையே மெட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். இதில் வியக்க ஒன்றுமில்லை. சுளகு பிடித்த கை அது. காய்ந்த ஏலக்காயைச் சுளகில் போட்டு ஆட்டினால் கனத்த காய் தன் பக்கம் வரும், சொத்தை எதிர்ப்பக்கம் ஒதுங்கும். பிறகு சுளகை முன்னால் சாய்த்து, கடைசியில் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்ட வேண்டும். காம்பும் தூசியும் பறந்துவிடும். அந்தச் சுண்டில்தான் ஆளின் தரம் தெரியும். பெட்டியையும் அவள் அப்படித்தான் பிடித்தாள். மலையைப் பார்த்து உட்கார்ந்து, முன்னால் சாய்த்து ஜீப்பை மேலே ஏற்றினாள். ஆட்டத்தில் சுண்டுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆனாலும் ஜீப்பு மெட்டைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் சுண்டிவிட்டாள். வாளிகள் கேரளத்துக்குப் போனது அதனால்தான்.

பாண்டியராஜன் இதை எழுதி, வெளிநாட்டில் இருக்கும் தன் கூட்டாளிகளுக்கு அனுப்பினான். சில்லைச் சரியாக அளவு பண்ணவில்லை என்று பதில் வந்தது. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று, எல்லா வண்டியும் நின்றபிறகு பொன்னுமணியை ஆடச் சொன்னான். மலை சாய்ந்தது. இவன் பெட்டியை வாங்கிச் சாய்த்தான். மலை அசையவே இல்லை. அதற்குமேல் அவன் ஆராய்ச்சி பண்ணவில்லை. பெண்டாட்டி கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பார்வையை ஊரே கேலி செய்தது.

அதற்குப் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. லோடு ஜீப்பு ஏற்றத்தில் திணறினால் டிரைவர்கள் போன் பண்ணுவார்கள். பொன்னுமணி சுளகை இறக்கிவைத்துவிட்டு மாடிக்குப் போய், ஒரு விரற்கடை முன்னால் சாய்த்துக் கொடுப்பாள். ரோடு தணியும், வண்டி ஏறிவிடும். இதற்கென்று யாரிடமும் கை நீட்டியதில்லை. பெட்டியை அணைப்பதற்கு முன்னால் மலையை நிமிர்த்திவைத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் பாண்டியராஜன் கறாராக இருந்தான். சாய்ந்திருக்கும்போதே பெட்டி அணைந்தால் மலை என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுவான், அந்த நல்ல குணம் அவனிடம் உண்டு.

பொன்னுமணிக்கு ஒரே தங்கச்சி, வித்யா. ஆத்தா செத்த பிறகு தூக்கி வளர்த்தது இவள்தான். வித்யா தினமும் விடியக் கிளம்பி, வெள்ளைத்துரை ஓட்டும் ஜீப்பில் மற்றப் பெண்களோடு எஸ்டேட்டுக்குக் காய் எடுக்கப் போவாள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை அந்த ஜீப்பு சேற்றில் வழுக்கி, ஒரு வளைவில் தடுப்புச் சுவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், பின்பாதி அந்தரத்தில் தொங்க நின்றது. வித்யா ஏறியது கடைசியில். அதனால் உட்கார்ந்திருந்தது பின் ஓரத்தில். அவள் காலுக்குக் கீழே ரோடு இல்லை.

குடோனில் இருந்த பொன்னுமணிக்குப் போன் வந்தது. வித்யா சத்தம் போடவில்லை, சத்தம் போட்டால் வண்டி ஆடும் என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அக்கா, ஜீப்பு தொங்குதுக்கா. நான் ஓரத்துல இருக்கேன்."

பொன்னுமணி கையில் இருந்த சுளகை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். பாண்டியராஜன் பெட்டியோடு பின்னாலேயே ஓடினான். மழை இருட்டு. அந்தக் காலத்துப் பெட்டி என்பதால் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. ஒரு கையில் குடையையும் இன்னொரு கையில், வித்யா இன்னும் லைனில் இருந்த அவள் போனின் டார்ச்சையும் அவன் பிடிக்க, அவள் பெட்டியை ஆன் பண்ணினாள். திரைக்குள் அதே வளைவில், அதே மாதிரி ஜீப்பு தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டியின் ஓரத்தில் பச்சையாக எரிய வேண்டிய விளக்கு சிவப்பாக எரிந்தது. உள்ளே கிடந்த இரண்டு பேட்டரியும் தீரப்போகின்றன என்று அதற்கு அர்த்தம். மாற்றலாம் என்றால் அணைத்துப் போட வேண்டும். அதற்கு நேரமில்லை.

அவள் சாய்த்தாள். சுளகு பிடித்த இத்தனை வருடத்தில் அவ்வளவு மெதுவாக எதையும் சாய்த்திருக்க மாட்டாள். மழைக்குள் மலையின் பள்ளப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. ரோடு மலைப்பக்கமாகச் சாய, ஜீப்பின் முன்சக்கரம் தரையைத் தொட்டது. பின்சக்கரம் உடைந்த சுவரில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இதற்குமேல் சாய்த்தால் மேலே இருக்கும் பாறை உருளும். அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளைத்துரை பெண்களை ஒவ்வொருவராக முன்பக்கம் வழியாக இறக்கினார். பதறாதீக ஆத்தா, பைய வாங்க என்று அவர் சொல்வது போனில் கேட்டது. முன்னால் இருந்தவர்கள் இறங்க இறங்கப் பின்பாரம் கூடிக்கொண்டே போனது. பொன்னுமணி அதற்கு ஈடாக மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒருத்தி மிச்சம். வித்யா மட்டும். அப்போதுதான் பொன்னுமணியின் மணிக்கட்டு துடிக்க ஆரம்பித்தது. சாய்த்த கைக்கு அடுத்து ஒரே வேலைதான் தெரியும். பிள்ளையாக இருந்தபோதிலிருந்து, முன்னால் சாய்த்த சுளகை அவள் சுண்டாமல் விட்டதே இல்லை. இப்போது சுண்டினால் பறப்பது காம்பும் தூசியுமாக இருக்காது. அது அவளுக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

"ஏங்க, கையப் புடிங்க. சுண்டிரும்போல இருக்கு."

பாண்டியராஜன் குடையைப் போட்டான், டார்ச்சையும் போட்டான். அவள் இரண்டு மணிக்கட்டையும் தன் முரட்டுக் கையால் இறுக்கிப் பிடித்தான். வெளிச்சம் போனதால் திரையில் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

மலை என்ன செய்யும் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பொன்னுமணி கண்ணை மூடவில்லை, மலையைப் பார்த்தாள். செத்துப்போன பெட்டியை அதே சாய்வில், அதே பலத்தோடு பிடித்துக்கொண்டே நின்றாள். மழை முகத்தில் அடித்தது. மலை நிமிரவில்லை. அவள் பிடித்த இடத்திலேயே நின்றது. கீழே கிடந்த போனிலிருந்து, எறங்கிட்டேன்க்கா என்று வித்யா சொன்னாள். பின்னாலேயே ஜீப்பு உருண்டு போகும் சத்தமும் கேட்டது. பொன்னுமணி அதன்பிறகுதான் ஓவென்று அழுதாள். அழும்போதும் கையைத் தளர்த்தவில்லை. பாண்டியராஜன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் பெட்டியை வாங்க வேண்டியிருந்தது. அவன் கைத்தடம் அவள் மணிக்கட்டில் பல நாள் கிடந்தது. ஒருநாளும் அடிக்காத மனுசன், அந்தத் தடத்துக்காகத் தினமும் வருத்தப்பட்டான்.

மலை இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து அளந்தார்கள். இரண்டு மாநிலத்து அதிகாரிகளும் மெட்டில் கூடி, சாய்ந்தது யார் பக்கம் என்று பேசி, டீயும் பருப்புவடையும் சாப்பிட்டுவிட்டுக் கலைந்தார்கள். மெட்டுக்காரர்கள் கட்டிலின் மேற்குக் காலுக்கு அட்டை மடித்து வைத்துக்கொண்டார்கள். ஏலச்செடிகள் தாமாகவே நிமிர்ந்துகொண்டன, செடிக்கு அந்த விவரம் உண்டு. பாண்டியராஜன் புது பேட்டரி வாங்கிவந்து, மலையைப் பழையபடி நிமிர்த்திவிடலாம் என்றான். வெள்ளைத்துரையும் அன்றைக்கு ஜீப்பில் போன பெண்களும் வீடு தேடி வந்துவிட்டார்கள். வேண்டாம் மாப்ளே, இப்ப எந்த வளைவுலயும் வண்டி பள்ளத்துப் பக்கம் இழுக்கல, மலையோட ஒட்டிப் போகுது, கை வைக்காதீக என்று வெள்ளைத்துரை கேட்டுக்கொண்டார். பாண்டியராஜன் பேட்டரியைக் கடைச் சுவர்க்கடிகாரத்துக்குப் போட்டுவிட்டான்.

வித்யா அந்த வாரமே வேறொரு ஜீப்பில் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். கிளம்பாமல் என்ன செய்வது, காய் பழுத்து நிற்கிறது. பொன்னுமணி சோற்று வாளியைக் கழுவிக் கொடுத்தாள். ஜீப்பில் புதிதாக ஏறுகிறவர்கள் முதல் வளைவிலேயே பயந்து, வண்டி ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று கேட்கிறார்கள். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வித்யா பள்ளத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்கிறாள்.

"எங்கக்கா புடிச்சிருக்கு. விடாது, நீங்க உக்காருங்க."

அவர்களும் உட்கார்ந்துகொள்கிறார்கள்.