பன்னிரண்டாவது ஆளின் ஸ்கேன்

கவரைப்பேட்டை சர்ச்சில் ரோசம்மாள் ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எழுந்தபோது, அவளுடைய புருஷன் ஆசீர்வாதத்தின் கீழுதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒன்று இருந்தது. தேயிலைப் பை மாதிரி சின்னது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டால் வெளியே தெரியாது.

"முப்பது வருஷமா பீடி குடிச்ச மனுஷன், எழுபத்தஞ்சு நாளா தொடல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்றாள். சபை கைதட்டியது. ஆண்கள் பக்கத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆசீர்வாதம் வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினார். ஊறிய சாற்றைத் துப்ப வழியில்லாமல் விழுங்கினார். பாட்டு ஆரம்பித்ததும் வெளியே போய் வேலியோரம் துப்பிவிட்டு, குழாயில் மூன்று தடவை வாய் கொப்பளித்து, மறுபடியும் வந்து நின்றார்.

அவருக்கு வயது நாற்பத்தேழு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு இரும்புக் கம்பி மில்லில், ஃபர்னஸ் என்கிற உலையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் மில்லில் நடந்த மருத்துவ முகாமுக்கு டாக்டர் சத்யா வந்தாள். வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, மூளையை ஆராய்கிறவள். பொன்னேரி லாரி டிரைவர் ஒருவரின் மகள், இப்போது சென்னையில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறாள். பீடி, சிகரெட்டை விட்டுவிடச் சம்மதிக்கிற பன்னிரண்டு பேர் அவளுக்கு வேண்டியிருந்தது. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் ரோசம்மாளும் முகாமுக்குப் போயிருந்தாள். அவள்தான் புருஷன் பெயரைக் கொடுத்தாள். ஆசீர்வாதம் பன்னிரண்டாவது ஆள்.

சத்யா அவர்களை உட்கார வைத்து விளக்கினாள். நிகோடின் மூளைக்குள் போய் உட்காருவதற்கென்று இடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். கல்யாண மண்டபத்தில் கூட்டம் கூடினால் நாற்காலி கூடப் போடுகிற மாதிரி, தினமும் புகைக்கிறவன் மூளை ஏற்பிகளைக் கூட்டிக்கொண்டே போகும். புகையை நிறுத்தினால் அத்தனை நாற்காலியும் காலியாகக் கிடந்து ஆள் கேட்கும். அதுதான் கை நடுக்கம், எரிச்சல், தூக்கமின்மை. இரண்டு மூன்று மாதம் தாக்குப்பிடித்தால் மூளையே அவற்றைக் குறைத்துவிடும். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றி ஸ்கேன் எடுத்தால் அந்த இடங்கள் மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். விட்ட ஒரு வாரத்தில் ஒரு ஸ்கேன், பன்னிரண்டாவது வாரம் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

ஆசீர்வாதம் நிஜமாகவே எட்டு நாள் பீடியைத் தொடவில்லை. முதல் ஸ்கேனும் முடிந்தது. ஒன்பதாவது நாள் ஃபர்னஸ் முன்னால் நின்றபோது இடுக்கி பிடித்த கை ஆடியது. கூட வேலை செய்யும் முரளி அதைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தான். புகைதானே கூடாது என்றார்கள், இதில் புகை ஏது என்றான். ஆசீர்வாதத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்றைக்கு ஒன்று. ஒரு மாதத்தில் நாளைக்கு எட்டு.

வாராவாரம் சத்யா வந்து ஒரு சின்ன மெஷினில் ஊதச் சொல்வாள். அவருக்கு ஒவ்வொரு வாரமும் பூஜ்யம்தான் வந்தது. "சூப்பர்ணே" என்று முகம் மலரச் சொல்வாள். மாதம் ஒருமுறை சிறுநீரும் கேட்டு வாங்கினாள். பாட்டிலைக் கொடுத்த ஒவ்வொரு முறையும், நாளைக்குள் மாட்டிக்கொள்வோம் என்று ஆசீர்வாதம் நினைத்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மில்லில் அவர் படத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள்.

இரண்டாவது ஸ்கேனில் மட்டும் நிச்சயம் தெரிந்துவிடும் என்று பயந்து, ஐந்து நாள் முன்பே பொட்டலத்தை நிறுத்தினார். அந்த ஐந்து நாளும் வீட்டில் அவரைக் கிட்டே நெருங்க முடியவில்லை. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டார். ரோசம்மாள் சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டே, பீடி இல்லாமல் அவரும் என்னதான் பண்ணுவார், பாவம் என்று சொல்லிக்கொண்டாள். அது அவர் காதில் விழுந்தது. ஸ்கேன் முடிந்து சென்னையிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாக முரளியைத் தேடிப் போனார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம் சத்யா வீட்டுக்கே வந்தாள். லேப்டாப்பைத் திறந்து இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டிலும் ஒரே சிவப்பு. மற்ற பதினோரு பேருக்கும் ஏற்பிகள் குறைந்துவிட்டன, அண்ணனுக்கு மட்டும் ஒரு துளியும் குறையவில்லை என்றாள். அவள் கண் பளபளத்தது. பதினோரு பேரும் பேக்கிங், லோடிங் ஆட்கள். ஃபர்னஸில் நிற்பவர் அவர் ஒருவர்தான். சூடும் ஷிப்ட் மாற்றமும் சேர்ந்து ஏற்பிகளைக் குறையவிடாமல் பிடித்து வைத்திருக்கலாம் என்பது அவள் கணிப்பு. இதுவரை யாரும் அதைச் சொன்னதில்லையாம். பெங்களூர் மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பியாயிற்று. மேனேஜருக்கும் லெட்டர் எழுதிவிட்டாள்.

டீயோடு வந்த ரோசம்மாள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். "மூளைல எதுனா நோவாம்மா?" என்று கேட்டாள்.

நோய் இல்லை என்று சத்யா எவ்வளவோ சொல்லியும் அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. டாக்டர் கிளம்பியதும் புருஷனைப் பார்த்து, "அந்த வேலையே வாணாம்யா. நான் இன்னொரு ஷிப்ட் பாத்துக்கிறேன். நீ ஊட்ல இரு" என்றாள். அவள் நிற்பதே மீன் பேக்கிங் கம்பெனியில், பனிக்கட்டிக்குள் எட்டு மணி நேரம் கையை விட்டுக்கொண்டு.

அந்த வாரம் மில்லில் மேனேஜர் ஃபர்னஸ் ஆட்கள் ஏழு பேரையும் கூப்பிட்டு, டாக்டர் சொல்வதால் ஆளை மாற்றி மாற்றிப் போடப் போவதாகச் சொன்னார். ஃபர்னஸில் நிற்பதற்காகத் தனியாகக் கிடைக்கிற படிப்பணம் போய்விடும் என்று அவர்கள் முணுமுணுத்தார்கள். ஆசீர்வாதம் கடைசியில் நின்றிருந்தார். தன் உதட்டுக்குள் இருக்கிற ஒரு பொட்டலம் ஆறு பேர் பிழைப்பில் கை வைத்துவிட்டது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வார லீவு நாளில் மின்சார ரயிலேறிச் சென்னைக்குப் போனார். சத்யா அவரைப் பார்த்ததும் சந்தோஷமாக எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"மேடம், நான் வுடவே இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. "பீடியையா?"

"பீடி இல்ல. உதட்டுல வெச்சிக்கிற பொட்டலம். ஒம்பதாவது நாள்லர்ந்து. ஸ்கேனுக்கு மட்டும் அஞ்சு நாள் வெக்காம இருந்தேன்."

இழுத்துப் போட்ட நாற்காலியில் சத்யாவே உட்கார்ந்தாள். ஊதுகிற மெஷினில் பூஜ்யம் வந்ததே என்று மெதுவாக ஆரம்பித்து, அது புகையை மட்டும்தான் காட்டும் என்று தானே சொல்லி முடித்தாள்.

"பாட்டில் குடுத்தனே மேடம், அதுல தெரியலயா? தெரிஞ்சிடும், தெரிஞ்சிடும்னு பயந்துகினே இருந்தேன்."

அவள் முகம் மாறியது. எதிரிலிருந்த மனிதரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். ஐஸ் பெட்டியில் வரும்போது அவருடைய பாட்டில்களில் நம்பர் நனைந்து அழிந்துபோயிருந்தது; யாருடையது என்று தெரியவில்லை என்று சோதனைக்கூடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேறு வாங்கி அனுப்பியிருக்க வேண்டும்.

"மொதல்ல மறந்துதான் போச்சு. அப்புறம் உங்க ஸ்கேனைப் பாத்தேன். அதுக்கப்புறம் மறக்கலண்ணே. ஞாபகம் இருந்துச்சு. கேட்டா இந்தக் கண்டுபிடிப்பே இல்லாம போயிடுமோன்னு கேக்கல."

அவள் திட்டுவாள் என்று ஆசீர்வாதம் தயாராக வந்திருந்தார். அவள் காலில் விழவும்கூட. அவள் தலையைக் குனிந்துகொண்டது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. நாளைக்கு எத்தனை பொட்டலம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பெங்களூருக்கும் மேனேஜருக்கும் அன்றே எழுதிவிடுவதாகச் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் இதற்கென்றே இருக்கிற பிரிவுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். வாசல்வரை கூடவே வந்தாள்.

ரோசம்மாளிடம் அன்று சாயங்காலமே சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் சர்ச்ல எழுந்து நின்னப்பவும் வாயில இருந்துச்சா?"

"இருந்துச்சு."

மடித்த புடவையை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் அவரிடம் பேசவில்லை. சோறு எடுத்து வைத்தாள், துணி துவைத்தாள், பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரயிலேறித் தனியாகப் பொன்னேரிக்குப் போய், தன்னை யாருக்கும் தெரியாத ஒரு சர்ச்சில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். செய்தது அவர், முகத்தை மறைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் போவது அவள்.

ஆசீர்வாதம் பாஸ்டர் ஸ்டீபனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். கர்த்தருக்குத் தெரிந்தால் போதும், சபைக்கு நடுவில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றில்லை என்று பாஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். ஆசீர்வாதத்துக்கு அப்பாடா என்று இருந்தது. கேட் வரைக்கும் வந்துவிட்டார். பிறகு திரும்பிப் போய், தான் சொல்லியே ஆகவேண்டும் என்றார்.

அடுத்த ஞாயிறு, ரோசம்மாள் மறுபடியும் பொன்னேரிக்குப் போயிருந்தபோது, அவர் சபையில் எழுந்து நின்றார். தன் மனைவி சொன்னது அவளுக்குத் தெரிந்த உண்மை என்றும், தான்தான் அவளையும் சபையையும் ஏமாற்றியதாகவும், அன்றைக்கும் வாயில் புகையிலை இருந்ததாகவும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. வெளியே வந்தபோது பலரும் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்கள். ஞானம்மா என்கிற கிழவி மட்டும் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். ரோசம்மாளுக்கு யாரோ போனில் சொல்லியிருக்க வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு அவள் பொன்னேரிக்குப் போகவில்லை. "கெளம்பு, நேரமாவுது" என்றாள். ஒரு மாதமாகியும் அவளிடம் பழைய பேச்சு வரவில்லை. என்றாலும் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் மெல்லுவதற்கு மருந்து மிட்டாய் கொடுத்தார்கள். ஒழுங்காகப் போய் வாங்கினார். மில்லில் ஃபர்னஸ் வேலை பழையபடியே நடந்தது. அவர் படத்தை யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். சத்யா அதே பெஞ்சுக்கு வந்தாள். அவர் எழுந்தார், அவள் உட்காரச் சொன்னாள். கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டதாகவும், அவருடைய மில்லில் இனிமேல் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்றும், வேறொரு கம்பெனியில் கேட்டுவிட்டு வருவதாகவும் சொன்னாள். யார்மேலும் குறை சொல்லாமல், மழை வருமா என்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கும் அந்தச் செவப்பு எறங்குமா மேடம்?"

"மத்தவங்களுக்கு இறங்குச்சு. உங்களுக்கும் இறங்கும்னுதான் நினைக்கிறேன். ஸ்கேன் எடுக்காம உறுதியா சொல்லமாட்டேண்ணே. இந்த ஆராய்ச்சியில இனிமே உங்களச் சேக்கவும் முடியாது." கொஞ்சம் விட்டு, "எத்தன நாளாச்சு?" என்று கேட்டாள்.

"நாப்பது நாள்" என்றார்.

ரயில் வந்தது. அவள் லேடீஸ் பெட்டியில் ஏறினாள். அவர் அடுத்த பெட்டியில் ஏறி, இடம் காலியாக இருந்தும் உட்காராமல் கதவோரம் நின்றுகொண்டார். கவரைப்பேட்டை வந்ததும் இறங்கி, படியை நோக்கி நாலடி வைத்தார். நின்றார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு லேடீஸ் பெட்டி ஜன்னலுக்கு வேகமாக நடந்தார்.

"மேடம், நடுவுல ரெண்டு வாட்டி பொட்டலம் வெச்சேன்."

சத்யா ஜன்னல் கம்பிக்குக் கிட்டே வந்தாள். "கடைசியா எப்ப?"

"பதினாறு நாளாச்சு."

"அப்ப பதினாறு" என்றாள். ரயில் நகர்ந்தது.