எதிரி வேஷம்

ஊரே நம்பும்படி சண்டை போடலாம் என்று இரண்டு சிநேகிதர்கள் உட்கார்ந்து முடிவு செய்தார்களே, அந்த நேரத்தில் இவர்கள் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை. கடலூர் செம்மண்டலத்து யாசரும் சிதம்பரம் இளவரசுவும் ராப் பாடுகிறவர்கள். கம்பெனி கிடையாது, மேனேஜர் கிடையாது. யாசர் பகலெல்லாம் மொபைல் கடையில் டிஸ்ப்ளே மாற்றுவான். சாயங்காலம் அவன் அறையில் பீரோக் கதவைத் திறந்து, போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குள் மைக்கை வைத்துப் பாடிப் பதிவு செய்வார்கள். மூன்று வருஷத்தில், அவரவர் பேரில் தனித்தனியாக, பதினோரு பாட்டு. ஒன்றையும் எண்ணூறு பேருக்கு மேல் கேட்கவில்லை.

"சொந்தக்காரனே கேக்கல மச்சான்" என்பான் இளவரசு.

யோசனை அவனுடையதுதான். ராப்பில் ஒருத்தன் இன்னொருத்தன் பேரைச் சொல்லி வைது பாடினால் அதற்கு டிஸ் என்று பேர். நல்ல பாட்டுக்கு ஆள் வருவதில்லை, சண்டை என்றால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவார்கள். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பகை என்று கிளப்பிவிடுவது. மாறி மாறி வைது பாடுவது. நன்றாகப் பற்றிக்கொண்டதும் ஒரே மேடையில் ஏறி, எல்லாம் வேஷம்தான் என்று கட்டிப்பிடித்துக்கொள்வது. அதுவரை வீட்டுக்குக்கூட மூச்சு விடக்கூடாது. நல்லவேளையாக இளவரசு வீட்டில் யாசரை யாரும் பார்த்ததில்லை.

இளவரசுவை வைது யாசர் பாட வேண்டிய பாட்டை எழுதியவனும் இளவரசுதான். எழுத்து அவனுக்குத்தான் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாசரின் அம்மா ஜெய்னப் போட்ட சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்தவன், நோட்டைப் பார்க்காமலே இரண்டு வரி சொன்னான்.

"அப்பன் மூச்சு அடங்குறப்போ ஆஸ்பத்திரியில யாரு?
மகன் மேடையில ஆடுறான், மிஸ்டு கால் பதினாறு."

யாசருக்குத் திக்கென்றது. "ஏன்டா இது? பொய்யா இருந்தாலும் அப்பாவ இழுக்காத."

"பொய் இல்ல மச்சான்."

சொன்னவன் உடைந்து அழுதான். அவன் அப்பா பழனிவேல் இறந்த அன்று அவன் விருத்தாசலத்தில் ஒரு கல்லூரி மேடையில் பாடிக்கொண்டிருந்தான், போன் பைக்குள் கிடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கடைசிப் பாலை மகன்தான் வாயில் ஊற்றினான் என்று அவன் அம்மா சௌந்தரம் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சாதித்துவிட்டாள். உண்மை தெரிந்தது தாய்க்கும் மகனுக்கும் மட்டும். அவர்களும் அதைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொண்டதே இல்லை.

"இத எடுத்துரலாம்டா" என்றான் யாசர்.

"எடுக்காத. என் வாயால சொல்ல முடியல. நீயாவது சொல்லிடு."

பாட்டு பற்றிக்கொண்டது. ஒரே வாரத்தில் நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். சிதம்பரத்துப் பையன்கள் யாசரை வண்டை வண்டையாக வைது எழுதித் தள்ளினார்கள். சொந்தக்காரர்கள் வீடு தேடி வந்து விசாரித்தபோது, "கடலூர்க்காரன் வாய்க்கு வந்தத பாடுறான்" என்று சௌந்தரம் முடித்துவிட்டாளாம். இளவரசுவே போனில் சொன்னான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

பதில் பாட்டை அவன் பாடுவதற்குள் டெங்கு வந்து படுத்துவிட்டான். யாசர் பார்க்க வருகிறேன் என்றான்.

"வராத மச்சான். வார்டுலயே நம்ம பாட்ட கேக்குறானுங்க. உன்ன பாத்தா எல்லாம் புட்டுக்கும். பத்து நாள் பொறு."

இந்த ஒரு பேச்சையாவது யாசர் கேட்காமல் இருந்திருக்கலாம். பாவி, கேட்டான். ஐந்தாம் நாள் காலையில் சாவுச் செய்தி வந்தது.

ஜெய்னப்பிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "நம்ம ஊட்ல சோறு தின்ன புள்ளடா. போயி மொகத்த பாத்துட்டு வா" என்றாள்.

அப்பாவைப் பற்றிய அந்த வரிகளை எப்படிப் பாடவேண்டும் என்று இளவரசு பாடிக்காட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒன்று யாசரின் போனில் இருந்தது. அதைப் போட்டால் தான் எதிரி இல்லை என்று எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனான். அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த முகத்தைக் கடைசியாக ஒரு தடவை, சிநேகிதனாக நின்று பார்ப்பதுதான்.

சிதம்பரம் வண்டிகேட் பக்கம் இளவரசுவின் தெருவுக்குள் நுழைந்ததுமே பையன்கள் அடையாளம் கண்டுகொண்டார்கள். நாலைந்து போன்கள் அவன் முகத்துக்கு நேரே உயர்ந்தன. பந்தலுக்கு வெளியிலேயே இளவரசுவின் தாய்மாமன் செம்பியன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"எந்த மூஞ்சிய வச்சிக்கினு வந்த? செத்தவனையும் பாடப் போறியா?"

"மாமா, ஒரு நிமிஷம். நானும் அவனும்..." யாசர் போனை வெளியே எடுத்தான்.

ஐஸ் பெட்டியின் பக்கத்திலிருந்து சௌந்தரம் எழுந்து வந்தாள். குரல் கம்மிப் போயிருந்தது.

"உடு செம்பியா, நான் கேக்கறேன்." யாசரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏம்பா, அவன் அப்பா போறப்ப அவன் பக்கத்துல இல்லன்னு பாடினியே. எம்புள்ள இன்னிக்கு போறான். இத்தினி சனம் நிக்குது. அது நெசமா பொய்யா, சொல்லு."

அவளுக்குத் தெரியாததா? பிள்ளையைக் களங்கமில்லாமல் அனுப்ப வேண்டும் என்று தவிக்கிறாள். யாசரின் கட்டைவிரல் போன் மேலேயே இருந்தது. ஒரு அழுத்து அழுத்தினால் இவன் சிநேகிதனாகிவிடுவான். உள்ளே கிடக்கிறவன் அப்பனுக்குப் பால் ஊற்றாத மகனாகிவிடுவான், பெற்றவள் பொய்க்காரியாகிவிடுவாள். போனைப் பைக்குள் போட்டான்.

"பொய்ம்மா. எனக்குப் பேரு வரணும்னு நானா கட்டி உட்டேன்."

செம்பியன் ஓங்கி ஓர் அறை விட்டார். அடுத்த அறை விழுவதற்குள் சௌந்தரம் குறுக்கே வந்தாள். தம்பியின் கையிலிருந்து சட்டையை விடுவிக்கிற சாக்கில் நெருங்கி, யாசருக்கு மட்டும் கேட்கிறாற்போல் பேசினாள்.

"உங்கிட்ட எப்ப சொன்னான்?"

"எழுதறப்பம்மா. அவன்தான் எழுதனான்."

"அழுதானா?"

"ரொம்ப நேரம் அழுதாம்மா."

"எங்கிட்ட ஒரு நாளும் அழல." அவள் உதடு கோணியது. "நான்தான் அவன பேசவே உடல."

"ஒரு தடவ மொகத்த பாத்துட்டுப் போயிடறேன்மா."

அவள் திரும்பி ஐஸ் பெட்டியைப் பார்த்தாள். பந்தல் நிறைய உட்கார்ந்திருந்த உறவுக்காரர்களைப் பார்த்தாள்.

"இப்ப உன்ன உள்ள கூட்டினு போனா ஏன்னு கேப்பாங்க. நீ சொன்னதும் வீணாப் போயிடும். போயிடு சாமி."

பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒத்துக்கிட்டான், அனுப்பிடுங்க" என்றாள்.

கூட்டம் வழிவிட்டது. போன்கள் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே வந்தன. யாசர் அவன் முகத்தைப் பார்க்காமலேயே கடலூர் பஸ் ஏறினான்.