வயிறு தள்ளிய சுவர்

மழை விடுவதாக இல்லை. சங்கமித்ரா டார்ச் அடித்துப் பார்த்தாள். சாயங்காலம் நேராக நின்ற சுவர், இப்போது நடுவில் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது.

எண்ணூரில் அவர்கள் வாங்கிய மனை, ரோட்டிலிருந்து ஆற்றைப் பார்த்துச் சரிந்து இறங்கும் இடம். வீடு கட்டச் சமதளம் வேண்டுமென்று அவளுடைய நைனா ஜெகதீசன் பள்ளத்து ஓரமாகக் கருங்கல் சுவர் எழுப்பி, உள்ளே லாரி லாரியாக அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டி மேடாக்கியிருந்தார். உள்ளே இறங்கும் தண்ணீருக்கு வெளியேற வழி வேண்டும் என்று கொத்தனார் சுவரின் அடியில் வரிசையாகக் குழாய்த் துண்டுகளைப் பதித்துவிட்டுப் போனார்.

அவை ஒழுகிய இடம், சுவரை ஒட்டிப் பள்ளத்தில் இருக்கும் வீட்டு ஐரீன் ஆன்ட்டி கருவாடு காயவைக்கும் இடம். நெத்திலி முழுக்கச் சாம்பல் தண்ணீர். ஆன்ட்டி தெருவையே கூட்டிவிட்டார். அக்கம்பக்கத்தில் பொல்லாப்பு எதற்கென்று நைனா அன்றைக்கே சிமெண்ட் குழைத்து எல்லாக் குழாயையும் அடைத்தார். ஆன்ட்டி மனம் குளிர்ந்து ஒரு பை கருவாடு கொடுத்தனுப்பினார்.

இப்போது சங்கமித்ரா, மனையில் போட்டிருந்த தகரக் கொட்டகைக்கு ஓடி நைனாவை எழுப்பினாள்.

"சொவரு ஊதிகினு கீது நைனா. அடைப்ப ஒடச்சிவுடு."

"இந்த மழைல ஒடச்சா அம்மாஞ் சாம்பலும் அந்த அக்கா வூட்டுக்குள்ள பூடும். மறுபடி பேஜாரு. விடியட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். தன் கையால் கல் தூக்கி வைத்த சுவர் தன்னையே ஏமாற்றும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

கீழே போய் ஐரீன் ஆன்ட்டியின் கதவைத் தட்டினாள். வெளியே வந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். "உங்க நைனா கட்டுன கருங்கல்லுடி, அதுக்கு இன்னா ஆவும்? வூட்ல சண்ட போட்டுகினு வந்தியா?" என்று சிரித்த ஆன்ட்டி, நனைந்த பெண்ணை உள்ளே இழுத்து, மகள் ஜூடியின் பாயில் படுக்கச் சொன்னார்.

இருட்டில் ஜூடியின் காதுக்குள் எல்லாவற்றையும் கொட்டினாள். அடைத்த குழாய்கள், ஊறிய சாம்பல், புடைத்த கல். "பயமுறுத்தாதடி" என்றாள் ஜூடி. அவர்கள் தலைமாட்டுப் பக்கம், வெளியே, கல்லோடு கல் உரசி முனகியது.

சங்கமித்ரா போனை எடுத்தாள்.

"நைனா, நான் ஜூடியாண்ட படுத்துகினு கீறேன். சொவரு எங்க தலமாட்டுல கீது."

"வெளிய வாடி."

"நீ ஒடச்சாதான் வருவேன்."

போன் கட்டானது. வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு கடப்பாரை கல்லில் விழும் ஓசை கேட்டது. கதவிடுக்கு வழியாகச் சாம்பல் தண்ணீர் உள்ளே பாய்ந்து கருவாட்டுக் கூடைகளைப் புரட்டியது. ஆன்ட்டி அலறி எழுந்தார். சங்கமித்ரா இருவரையும் இழுத்துக்கொண்டு ரோட்டு மேட்டுக்கு ஓடினாள்.

அங்கிருந்து டார்ச் அடித்தாள். ஒரு குழாய்தான் திறந்திருந்தது. நைனா முழங்கால் சேற்றில் நின்று அடுத்ததைக் குத்திக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே சுவரின் வயிறு.

"போதும் நைனா, வந்துடு."

மழையில் அவருக்கு அது கேட்கவில்லை. கடப்பாரை மறுபடியும் உயர்ந்தது.