நன்றிப் பக்கம்

முஹம்மது அனஸ் எழுதிய ஆன்லைன் படிவத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதை நிரப்பி அனுப்பினாலும் முகம் சுளிக்காமல் நன்றி சொல்லும். அந்தக் குணம்தான் மாரிச்செல்வியைக் கவிழ்த்தது.

ராஜபாளையத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே ஒண்டியிருந்த அலுவலகத்தில் அவன் ஒருவன்தான் ப்ரோகிராமர். இலவச நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் வாங்க, ஓர் அறக்கட்டளைக்கு அவன் படிவம் செய்து கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்த மாரிச்செல்வி, பிளாஸ்டிக் கவருக்குள் பத்திரமாக வைத்திருந்த ஒரு தாளை அவன் மேஜையில் வைத்தாள். 'உங்கள் விண்ணப்பத்துக்கு நன்றி' என்று வந்த பக்கத்தின் பிரிண்ட் அவுட்.

“ட்ரஸ்ட்ல எம்பேரே இல்லங்காக சார். கம்ப்யூட்டர்ல எழுதுனவியகிட்டப் போய்க் கேளுன்னு அனுப்பிட்டாக. எனக்கு இந்த வருஷத்தோட வயசு முடியுது. அடுத்த வருஷம் எடுக்க மாட்டாகளாம். இது இல்லன்னா சாகுற வரைக்கும் மில்லுதான்.”

“இருங்க, செத்த நேரத்துல பாத்துச் சொல்லுதேன்” என்றான் அனஸ். அவள்தான் எதையாவது தப்பாக அழுத்தியிருப்பாள் என்று உள்ளுக்குள் நினைப்பு. கொஞ்சம் தெனாவெட்டான பையன்தான்.

சர்வர் பதிவைத் திறந்தான். அவள் பெயர் இருந்தது. பக்கத்திலேயே, 'நிராகரிப்பு: இந்த செல் எண் ஏற்கெனவே உள்ளது.'

“இது யாரு நம்பரு?”

“ஜெய்னுலாப்தீன் பாய் நம்பரு. மடவார் வளாகத்துல, எங்க தெருவுல, நாங்க அம்புட்டுப் பேரும் அவிய பிரவுசிங் சென்டர்லதான் போடுவோம். எங்க செல்ல மில்லு கேட்ல வாங்கி வச்சுக்கிருவாக. போன் வந்தா யாரு எடுக்க? பாய் நம்பர்னா வீட்டுல வந்து சொல்லிருவாக.”

ஓர் எண்ணுக்கு ஒரு விண்ணப்பம் என்று விதி வைத்தவன் அனஸ். தெருவே ஒரே எண்ணைக் கொடுக்கும் என்பது தெரியாதவனா? அவன் உம்மாவின் கேஸ் சிலிண்டருக்கே எதிர்க்கடைக்காரர் எண்தான். படிவம் எழுதும்போது மட்டும் அது மறந்துபோயிற்று. அதைக்கூட மன்னிக்கலாம். தப்பு இருந்தால் அதே பக்கத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் மட்டுமே நன்றிப் பக்கத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் வரியை அவன் இரண்டுக்கும் பொதுவாக எழுதித் தொலைத்திருந்தான். பாய் எண்ணில் வந்த பத்தொன்பதில் முதல் ஒன்றுதான் சேர்ந்திருக்கிறது. மிச்சப் பதினெட்டுப் பேரும் நன்றியை வாங்கிக்கொண்டு வீட்டில் காத்திருக்கிறார்கள்.

அறக்கட்டளைச் செயலாளர் அழகியமணவாளனுக்குப் போன் போட்டு, தப்பு தன்னுடையதுதான் என்று போட்டு உடைத்தான்.

“தம்பி, இடம் அம்புட்டும் ரொம்பிருச்சு. பிள்ளைக ஹாஸ்டல்ல சேந்து எட்டு நாளாச்சு. யாரை நான் வெளிய அனுப்ப?” என்றார் அவர். போனை வைத்துவிட்டார்.

வேறென்ன செய்வதென்று தெரியாமல், அனஸ் அந்த வரியை இருக்க வேண்டிய இடத்துக்கு மாற்றினான். ஒரு நிமிட வேலை.

“சரியாயிருச்சுன்னா திரும்பப் போடுங்க சார்” என்று மாரிச்செல்வி நாற்காலியை நெருக்கிப் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவள் விவரங்களை அடித்து, அவளுடைய சொந்த எண்ணையே கேட்டுப் போட்டு அனுப்பினான்.

பக்கம் நகரவில்லை. மேலே சிவப்பில் வந்தது: 'விண்ணப்பிக்கும் தேதி முடிந்துவிட்டது.'

அவள் அதை மெல்ல இரண்டு தடவை வாசித்தாள்.

“அன்னைக்கும் இப்படி நிறுத்திச் சொல்லியிருந்தா, என் நம்பரையே குடுத்திருப்பேனே சார். செல்லு கையிலதான இருந்துச்சு.”

அனஸுக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. இரண்டு மணி ஷிப்டைப் பிடிக்க இப்போது எந்த பஸ் இருக்கிறது என்று கேட்டாள்.