பெலிக்சின் குறி தப்பவில்லை

ஏரிக்கரை மீனவர் ஊரான பசியாவரத்தில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் டிரோன் பறக்கவிட்டுப் படம் எடுப்பவன் பெலிக்ஸ். ஊரில் அவனுக்கு ஒரே எதிரி, நாலு வீடு தள்ளியிருந்த உதயகுமார். சரியாகச் சொன்னால் உதயகுமார்கூட இல்லை, அவர் மொட்டை மாடியில் வாங்கி வைத்த ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. கோழி கூவுவதற்கு முன்னால் அது கூவும். ராவெல்லாம் ஏரியில் மீன் பிடித்துவிட்டு வந்தவன் கண்ணயர முடியாது. பெலிக்ஸ் போய்ச் சொல்லிப் பார்த்தான்.

"பழைய பாட்டுதானே பெலிக்சு, காதுல தேன் மாரி ஊத்தலயா?" என்று சிரித்தார் உதயகுமார்.

அந்தச் சமயத்தில்தான் டி.வி.யில் எங்கோ நடக்கிற போரைக் காட்டினார்கள். சாட்டிலைட் வழிகாட்ட, ஏவுகணை ஒன்று பெரிய கட்டடத்தின் ஒரே ஒரு ஜன்னலுக்குள் புகுந்து வெடித்தது. "பக்கத்து அறையில் டீ கிளாஸ்கூட ஆடவில்லை" என்றார் கோட்டு போட்ட நிபுணர். பெலிக்சுக்குப் புல்லரித்துவிட்டது.

"பாத்தியா சோபியா? கெட்டவன் மட்டும் காலி. மத்தவங்களுக்கு ஒரு கீறல் இல்ல."

அவன் மனைவி சோபியா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். "அந்த டீ கிளாஸை யாரு போய்ப் பாத்தாங்களாம்? வுட்டவனே சொல்றானா?"

"சாட்டிலைட்டு பொய் சொல்லாது."

"அது எடத்ததான் சொல்லும். அங்க யாரு குந்திகினு கீறாங்கன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

பெலிக்ஸ் காதில் வாங்கவில்லை. அவன் மனசு அதற்குள் உதயகுமார் மாடிக்குப் பறந்துவிட்டது. மணமக்கள் தலையில் பூக்கொட்டுவதற்காக டிரோனில் ஒரு கொக்கி வைத்திருந்தான். பூவுக்குப் பதில் வேறு சரக்கு. நண்டு ஓட்டையும் மீன் குடலையும் தண்ணீரோடு ஒரு பையில் கட்டி வெயிலில் வைத்தான். தெருநாய்கூட மோந்து பார்த்துவிட்டு வேறு தெருவுக்குப் போனது.

ஏரியைப் படம் எடுக்கவேண்டும் என்று சொல்லி உதயகுமார் மாடிக்கு ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இடத்தைப் போனில் பதிந்துகொண்டான். இறங்கும்போது உதயகுமார் மனைவி இந்திராணி ஒரு தட்டில் வறுத்த மீனை நீட்டினாள். 'ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பெட்டிக்கு மட்டும்தான்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தின்றான்.

ஞாயிற்றுக்கிழமை, சோபியா கடைக்குப் போகிறேன் என்று கிளம்பியதும், கரையில் ஒரு படகின் மறைவில் நின்று பொத்தானை அழுத்தினான். டிரோன் தானாகவே போனது. இடம் வந்துவிட்டது என்று போன் சொன்னது. திரையைப் பார்த்தான். பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு சிவப்பு நாற்காலி, அதில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை. பொன்னேரியில் அவனே எடுத்துக்கொடுத்த புடவை.

ரத்துசெய்யும் பொத்தானைக் குத்து குத்தென்று குத்தினான். கொக்கி அதற்குள் திறந்துகொண்டது.

நடந்தது இதுதான். இவனை நம்பிப் பயனில்லை என்று சோபியாவே இந்திராணியைப் பார்க்கப் போயிருந்தாள். பாட்டைக் கேட்டுக் கேட்டு இந்திராணிக்கும் மண்டை காய்ந்துபோயிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உதயகுமாரை மடக்கி, பெட்டியைக் கீழே இறக்க வைத்துவிட்டார்கள். காலியான இடத்தில் நாற்காலி போட்டு டீ குடிக்கும்போது பை வந்து விழுந்தது.

ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் ஏவுகிற தளம் இருந்தது. உதயகுமார் வானத்தைப் பார்த்தார். "மேல போற ராக்கெட்லேர்ந்து எதுனா ஒழுகிச்சா?"

சோபியா தலையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தாள். "ராக்கெட்ல நண்டு ஓடு இருக்காதுண்ணா."

தலைக்கு மேலே டிரோன் நின்ற இடத்தில் நின்று அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

வீட்டில் அவள் குளித்து முடிக்கும்வரை பெலிக்ஸ் வாசலில் நின்றான். "மிஷினு தப்பு பண்ணிடுச்சு சோபியா."

"எங்க உழணும்னு சொன்ன?"

"பொட்டி மேல."

"பொட்டி இருந்த எடத்துலதானே உழுந்துது?"

"ஆமா, ஒரு சாண்கூடத் தப்பல!" வாய் முந்திக்கொண்டது.

"அப்ப என்மேலதான் குறி வெச்ச."

"ஐயோ இல்ல, குறி தப்பிடுச்சு."

"தப்புச்சா, தப்பலயா? ஒண்ணு சொல்லு."

எதைச் சொன்னாலும் மாட்டுவான். காற்றைச் சொன்னான், சிக்னலைச் சொன்னான். கடைசியில், "எடத்த மாத்தறோம்னு அவுங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்றான். சோபியா புடவையைச் சுருட்டி அவன் கையில் திணித்தாள்.

படகுத்துறையில், பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, பெலிக்ஸ் புடவையை அலசினான். நாற்றம் போகவில்லை. டி.வி.யில் பார்த்த ஜன்னல் ஞாபகத்துக்கு வந்தது. அதன் கம்பியில் ஒரு சின்னச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அன்றைக்கும் அது கண்ணில் பட்டதுதான். வெடிப்பைப் பார்க்கிற ஜோரில் அவன் கவனிக்கவில்லை. இப்போது கை தானாக நின்றுவிட்டது.

சாயங்காலம் உதயகுமார் வந்தார். உதைக்கத்தான் வருகிறார் என்று பெலிக்ஸ் எழுந்து நின்றான். அவரோ பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"யப்பா, நடு வகிட்டுல உழுந்துச்சே! இந்தப் பிரதாப்பு கீறான் பாரு, ஏரியில என் முறை வர்ற நாள்ல வந்து வலை போடறான். அவன் மோட்டார் போட்டு மேல ஒண்ணு போடேன்."

"ஓடற போட்டா, நிக்கற போட்டா?" என்று கேட்ட பிறகுதான் சோபியா பார்ப்பதைப் பெலிக்ஸ் பார்த்தான். "போட்டுல யாரெல்லாம் இருப்பாங்கண்ணா?"

"பிரதாப்புதான். சமயத்துல அவன் மச்சான். அக்கரைக்குப் போற பொம்பளைங்க ரெண்டு பேரு ஏறுவாங்க. அதுக்கு இன்னா?"

"கொக்கி ஒடஞ்சிடுச்சுண்ணா." கொக்கி அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

"பரவால்ல. திருப்பாலைவனத்துல ஒருத்தன் மிஷினு வெச்சுகீறானாம், அவன கேக்கறேன்" என்று உதயகுமார் கிளம்பினார்.

பெலிக்ஸ் அவர் பின்னாலேயே வாசலுக்கு ஓடினான். "அண்ணா, நில்லுண்ணா! பிரதாப்பாண்ட நானே போய்ப் பேசறேன். இப்பவே போறேன்."

"இந்தா," என்று உள்ளிருந்து குடையை நீட்டினாள் சோபியா. "மேல பாத்துகினே போ."