தமயந்தி வீட்டின் இரண்டு வாசல்கள்

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் நடிகை தமயந்தியின் வீட்டில் இரண்டாவது வாசல் முளைத்திருந்தது. கிழக்கு வாசல் அவளுக்குள் இருக்கும் பெண்ணுக்கு. மேற்கு வாசல் கறுப்பிக்கு. பிரபலங்களின் வீடுகளில் தேர்தலுக்குத் தேர்தல் நடப்பதுதான். தெருவில் யாரும் நின்றுகூடப் பார்க்கவில்லை.

கிழக்கே வேட்பாளர் இந்திராணி, பெண். மேற்கே வேட்பாளர் துரைக்கண்ணு. தமயந்தி பிறந்த தெருக்காரர், அவள் நிறம். பொழுது சாய்வதற்குள் தமயந்தி ஏதாவது ஒரு வாசல் வழியாக வெளியே வந்து ஆதரவைச் சொல்லிவிட வேண்டும். மற்ற வாசலைக் கொத்தனார் அடைத்துவிடுவார். வெளியே வராத பாதி உள்ளேயே தங்கிவிடும்.

இது சும்மா மிரட்டல் இல்லை. பக்கத்து வீட்டு நடிகர் கஜபதி போன தேர்தலில் ஒரு வாசல் வழியாகப் போய் இப்போது வாரியத் தலைவராக இருக்கிறார். மிச்ச கஜபதி இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார். காலையில் ஜன்னலுக்கு வந்து காப்பி கேட்பார். தமயந்திதான் கொடுப்பாள். டம்ளரை வாங்கும் கையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருக்கும்.

முதலில் இந்திராணியின் ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் ஆண்கள். அம்மா வரவில்லையா என்று தமயந்தி கேட்டாள். அம்மா பேச மாட்டார், நாங்கள்தான் பேசுவோம் என்றார்கள். பொம்பளைக்குப் பொம்பளை ஆதரவு தராவிட்டால் எப்படி என்று நரைத்த மீசைக்காரர் ஒருவர் அவளைக் கடிந்துகொண்டார்.

பிறகு மேற்கே துரைக்கண்ணுவின் ஆட்கள். நம்ம ஜனத்துக்காக ஒரு தடவையாவது நில்லு தாயி என்றார்கள். அப்படி அவளை யாரும் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. கையோடு ஒப்பனைக்காரரையும் கூட்டி வந்திருந்தார்கள். அவர் அவள் முகத்தில் வெள்ளை பூச ஆரம்பித்தார்.

"இந்த வாசலுக்கு எதுக்குண்ணே வெள்ளை?"

"கறுப்பா வந்தா நீதான்னு யாருக்கும்மா தெரியும்?"

அதுவும் வாஸ்தவம்தான்.

இரண்டு தரப்பும் அடுத்துக் கேட்டது ஒரே கேள்வி: சுகுணா எங்கே? தமயந்தியின் எல்லாப் படங்களுக்கும் குரல் கொடுத்தவள் சுகுணா. உன்னுடையது தெருக்குரல், திரைக்கு ஆகாது என்று முதல் பட இயக்குநர் சொன்னதிலிருந்து இப்படித்தான். சுகுணா சோபாவில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தாள். எழுதி வந்த இரண்டு ஆதரவு உரைகளையும் அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

"நான் எந்த வாசலுக்குக்கா போறது?"

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான். நீ வாயை அசை, நான் பேசிடுறேன்."

தமயந்தி கிழக்கே நடந்தாள். தோல் மேற்கே இழுத்தது. மேற்கே திரும்பினாள். தோல் நீங்கலாக மற்றதெல்லாம் கிழக்கே இழுத்தது. வலித்தது. நடக்க நடக்கக் கூடம் நீண்டுகொண்டே போனது. கல்யாண மண்டபம் அளவுக்கு ஆனபோது அவள் நடுவில் உட்கார்ந்துவிட்டாள்.

வெயில் இறங்கியது. சுகுணாவுக்கு வேறு வேலை இருந்தது. மேற்கு வாசலில் தலையை நீட்டி ஓர் உரையைப் படித்தாள். கிழக்கு வாசலில் நின்று இன்னொன்றைப் படித்துவிட்டு அப்படியே வெளியேறிப் போனாள். இரண்டு பக்கமும் பலத்த கைதட்டல். தமயந்தி நம்ம ஆளுதான் என்று இரண்டு கூட்டமும் கலையத் தொடங்கியது.

இரண்டு ஆதரவும் வந்துவிட்டதால் இரண்டு வாசலும் இனித் தேவையில்லை. கொத்தனார் கிழக்கை அடைத்து முடித்தார். மேற்கில் பாதி எழுப்பும்போதுதான் தமயந்தி எழுந்து ஓடிவந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் குரலிலேயே கத்தினாள்.

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லல."

தெருவில் மிச்சமிருந்த கட்சிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இது தமயந்தி குரல் இல்லை என்று ஒருவர் சொன்னார். மற்றவர்களும் ஆமோதித்து நடந்தார்கள்.

தலையில் செங்கல் சுமந்துவந்த சித்தாள் மட்டும் நின்றாள். அவளும் கறுப்பி.

"உள்ள யாரோ நம்ம தெருப் பொண்ணு பேசுது மேஸ்திரி."

தமயந்திக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் குரலை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள்.

"பேசட்டும்," என்றார் கொத்தனார். "நீ கல்லைக் குடு."

சித்தாள் தலையிலிருந்து ஒரு கல்லை எடுத்தாள். கொடுத்தாள்.